மழையை மறித்த தெரு

உப்போடை என்கிற எங்கள் ஊர் ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலிருந்து நாளுக்கு ஒரு முழம் வீதம் உயர ஆரம்பித்தது. அதை நாங்கள் மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தோம் என்பதற்காக யாரும் சிரிக்க வேண்டாம், ஏனென்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மேடோ பள்ளமோ இல்லாத கரிசல் சமதரையில், வடக்குத் தெற்காக ஒரு மைல் நீளத்துக்கு ஒரே தெருவாகக் கிடக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு உயரம் என்றால் பனைமரத்தின் உயரம்தான் தெரியும், அந்தப் பனைமரங்களும் எங்களோடு சேர்ந்துதான் மேலே போய்க்கொண்டிருந்தன. வீடுகளில் ஒரு விரிசல் விழவில்லை, குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. எண்ணெயில் பூரி உப்புகிற மாதிரி நடுவில் தெரு எழும்ப, இரண்டு பக்கத்து மானாவாரிக் காடுகளும் சரிவாக இழுபட்டுக் கூடவே வந்தன.

மினிபஸ் டிரைவர் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று புலம்பியபோது, வண்டியைப் பழுது பார்க்க வக்கில்லாதவன் பேச்சு என்று தள்ளிவிட்டோம். பிறகு ஒரு காலையில் மேற்குக் காட்டுக்கு ஆடு ஓட்டிப் போன பெண்கள் ஓடிவந்து, இரண்டு மைல் தள்ளி இருக்கிற ஆலங்கிணறு கிராமத்தின் கூரைகளை மேலிருந்து பார்த்ததாகவும், கூரை மேல் காயப்போட்ட வடகத்தைக்கூட எண்ண முடிந்ததாகவும் சொன்னார்கள். ஊர்க்கூட்டம் போட்டோம். எங்கள் வீட்டு வாசல்படிகள் எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயே இருந்தன, வேப்பமரம் இருந்த இடத்தில் இருந்தது, ஆகவே நாங்கள் எங்கேயும் போகவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆலங்கிணறுதான் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவுசெய்தோம்.

பக்கத்து ஊர் இப்படி மூழ்கும்போது சும்மா இருப்பது மனுசத்தன்மை இல்லை என்பதால், சாவு வீட்டுக்குப் போவதுபோலத் தோளில் துண்டும் கையில் அரிசியுமாக இருபத்துநாலு பேர் துஷ்டி கேட்கப் போனோம். போகிற வழியெல்லாம் பாதை கீழே கீழே இறங்கியது. அடடா, எவ்வளவு தாழ்ந்துவிட்டார்கள் என்று பெண்கள் அப்போதே மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். ஆலங்கிணற்றுக்காரர்கள் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்து, செத்தது யார் என்று மெதுவாக விசாரித்தார்கள். நாங்கள் மனம் நோகாதபடி விஷயத்தைச் சொன்னோம். முதலில் சிரித்தவள் அழகுநாச்சிதான்.

அழகுநாச்சி எங்கள் ஊர்ப் பெண், மிளகாய் விவசாயி வெயிலுமுத்துவின் ஒரே தங்கை. அப்பா இறந்த பிறகு வெயிலுமுத்துதான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். சிவகாசியிலிருந்து ஒன்று, மதுரையிலிருந்து ஒன்று என்று நல்ல நல்ல இடங்கள் வந்தும், தங்கச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்கிற ஒரே பிடிவாதத்தில் அத்தனையையும் தட்டிவிட்டு, ஆலங்கிணற்றுத் தங்கமாரிக்குக் கொடுத்தார். தெருவின் நடுவில் அவர் வீடு, வீட்டின் பின்வாசலில்தான் ஆலங்கிணற்று வண்டிப்பாதை ஆரம்பம். பின்வாசலில் நின்று பார்த்தால் தங்கை வீட்டு அடுப்புப் புகை தெரியும். அன்றைக்கு அந்தத் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அண்ணனைத் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போய்க் கிழக்கே கையைக் காட்டினாள். எங்கள் தெரு வானத்தில் ஒரு வரப்பு மாதிரி நின்றது. வெகுநேரம் பார்த்தோம். பிறகு கொண்டுபோன அரிசியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, முதன்முதலாக மேடு ஏறி மூச்சுவாங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

அந்த மூச்சுவாங்கல் அப்புறம் நிற்கவே இல்லை. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து முழம் என்றால் சும்மாவா. பஸ் அடிவாரத்தோடு நின்றது, சிலிண்டர் கொண்டுவருகிறவர் அடிவாரத்தில் இறக்கிவைத்து விசில் ஊதிவிட்டுப் போனார், கீழே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன பெண்கள் சாயங்காலம் ஏறி வந்து செருப்பைக் கழற்றாமலே படுத்தார்கள். தாலுகாவிலிருந்து அளக்க வந்தவர்கள் உயரத்தை எழுதிக்கொண்டு போனார்கள். பைல் அதிகாரி மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதிலிருந்த எண் பொய்யாகியிருந்தது, ஆகவே திருத்தி அனுப்பவும் என்று திரும்பி வந்தது, திருத்தி அனுப்பினால் மறுபடியும் பொய்யாகியிருந்தது. ஊர் ஏன் உயர்கிறது என்று கேட்பதை முதல் வருஷத்திலேயே நிறுத்திவிட்டோம். கேட்கிறதுக்கும் தெம்பு வேண்டும்.

மூன்றாம் வருஷம் குளிர் வந்தது. வெயிலில் பிறந்து வெயிலில் கருத்த நாங்கள் சித்திரையில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நின்றோம். கொசு போயிற்று, பருப்பு வேக இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று, கருவேலம் பட்டுப்போய் அந்த இடத்தில் பெயர் தெரியாத ஏதோ செடி முளைத்தது. எங்கள் ஆடுகளுக்குச் சடைசடையாக ரோமம் வளர்ந்து, அவையே ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் முட்டிக்கொண்டன. களத்தில் காயப்போட்ட மிளகாய் காயாமல் பூசணம் பிடித்தது. இது எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயமாக நாங்கள் நினைத்தது வேறு: தெருவில் நின்று மேற்கே பார்த்தால் அந்தப் பெரிய மலை நீலமாகத் தெரிந்தது, கிழக்கே பார்த்தால் கடல் ஒரு தகரத் துண்டாக மின்னியது. எங்கள் மழையைத் தீர்மானிக்கிற இரண்டு பேரையும் பிறந்ததிலிருந்து முதன்முறையாக நேரில் பார்த்தோம்.

ஆடியில் மேகம் மேற்கேயிருந்து வரும், அந்த மலை அத்தனை மழையையும் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு வெறும் காற்றை எங்கள் பக்கம் அனுப்பும். தூசியைக் கிளப்புவதற்கென்றே வருகிற காற்று அது. அதற்காக அந்த மலையைத் தலைமுறை தலைமுறையாக வைது தீர்த்திருக்கிறோம். மிச்சம் எங்களுக்கு என்று இருப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான், கடல் பக்கமிருந்து வாடைக்காற்றோடு வருகிற மேகம்தான். அது வந்தால் கம்பும் உளுந்தும் மிளகாயும் உண்டு, வராவிட்டால் ஊரைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். மழையை நாங்கள் உழவில் அளப்போம். ஏர் ஒரு தடவை இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் ஓர் உழவு மழை, இன்னும் நனைந்தால் இரண்டு உழவு. மூன்று உழவு மழை பெய்த வருஷத்தில் பிறந்த பிள்ளைகளை ராசியானவர்கள் என்று சொல்லுவோம்.

மூன்றாம் வருஷத்து ஐப்பசியில் கடலிலிருந்து வந்த மேகம் எங்கள் தெருவில் வந்து முட்டியது. முட்டிய இடத்திலேயே கொட்டித் தீர்த்தது. மூன்று உழவு, நாலு உழவு என்று எண்ணிக்கொண்டே வந்தவர்கள் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். கிழக்குச் சரிவில் ஓடை ஓடையாகத் தண்ணீர் இறங்கியது. ஆலங்கிணற்றில் ஒரு பொட்டு விழவில்லை. அங்கே வானம் வெள்ளை வெளேரென்று இருந்தது, எங்கள் தெருவைத் தாண்டி அவர்களுக்குப் போனது காலியான காற்று மட்டும்தான். மலையை வைத நாங்களே இன்னொரு ஊருக்கு மலையாகிவிட்டோம் என்பது எல்லோருக்கும் அன்றைக்கே புரிந்தது.

வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மிளகாய் காய்வதற்கு வெயில் வேண்டியிருந்தது, ஆலங்கிணற்றில் வெயில் மட்டும்தான் இருந்தது. ஆகவே விளைச்சலை மூட்டை மூட்டையாகச் சுமந்து இறக்கி, அவர்கள் விதைக்காமல் போட்டிருந்த காட்டில் பரப்பிக் காயவைத்தோம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெடித்துக் கிடந்த அந்த மண்ணின் மேல் எங்கள் மிளகாய்ப் பழம் சிவப்புச் சிவப்பாகக் கிடந்ததை ஆலங்கிணற்றுப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலுமுத்து ஒரு கம்பு மூட்டையைத் தங்கை வீட்டுக்குச் சுமந்துபோனார். அந்த வருஷம் வாங்கிக்கொண்டாள். நாலாம் வருஷமும் மழை எங்களோடு நின்றது, நாலாம் வருஷமும் மூட்டையோடு போனார். அவள் மூட்டையை வாசற்படி தாண்ட விடவில்லை.

"அண்ணே, இத எடுத்துட்டுப் போ. ஒன் வீட்டு நெழல்ல நான் காஞ்சுகிட்டு இருக்கேன். சோறும் நீயே போட வேண்டாம்."

அவர் மூட்டையைத் திரும்பச் சுமந்து ஆயிரத்துச் சொச்சம் முழம் ஏறி வந்தார். அதற்கப்புறம் அழகுநாச்சி அவரோடு பேசவில்லை, மிளகாய் காயப்போட அவர் இறங்கினால் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். அடுத்த ஆவணியில் தங்கமாரி ஆட்டையெல்லாம் விற்றுவிட்டார் என்றும், திருப்பூரில் மகன் வீடு பார்த்துவிட்டான் என்றும், இந்த ஐப்பசி முடிவதற்குள் ஓர் உழவு மழையாவது இறங்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாகக் கிளம்பிவிடுவார்கள் என்றும் எங்கள் ஆட்கள் வந்து சொன்னார்கள். வெயிலுமுத்து கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் முன்வாசலில் உட்கார்ந்து காலைப் பனிமூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கிழக்குச் சரிவில் ஏறி, தெருவோரம் வந்து, வீடுகளுக்கு நடுவில் இருந்த சந்துகளில் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்தார். மேகத்தின் அடிவயிறு எங்கள் தெரு மட்டத்துக்குச் சற்றுக் கீழே நடக்கிறது என்பதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டையே இடிக்க ஆரம்பித்தார்.

அவர் மனைவி பேராச்சி எங்களைப் போல ஓடிப்போய்த் தடுக்கவில்லை. அடுப்பை மட்டும் நான் எடுத்துக்கிடுறேன், அப்புறம் எங்க வேணும்னாலும் வெட்டுங்க என்று சொல்லி, அடுப்பையும் நாலு பாத்திரத்தையும் ஊர்ச் சாவடிக்குக் கொண்டுபோனார். ஊராட்சித் தலைவர் கனகமணி அக்கா வந்து நியாயம் கேட்டார். வீடு அவருடையதாக இருக்கலாம், எதிரில் இருக்கிற தொழுவமும் அவருடையதாக இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தெரு ஊருக்குச் சொந்தம், அதை வெட்டினால் வடக்குத் தெரு தெற்குத் தெரு என்று ஊரே இரண்டாகிவிடும், வாடைக்காற்று அந்த வழியாகப் புகுந்து கூரையைப் பிடுங்கும் என்றெல்லாம் சொன்னார். அத்தனையும் உண்மை. வெயிலுமுத்து கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"நீங்கல்லாம் வெட்டணும்னு நான் கேக்கலக்கா. மேகம் போற வழியில என் வீடு குறுக்க நிக்கி. அத எடுத்துடுறேன்."

 கனகமணி அக்கா வீட்டுக்குப் போய்த் தன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கண்மாயில் மராமத்துப் பார்க்கும்போது வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைத்து வெட்டுவது எங்கள் பழக்கம். அதேபடி அன்றைக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தோம். முணுமுணுத்துக்கொண்டு வந்தோம், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தோம், ஆனால் வந்தோம். புரட்டாசி முழுதும் வெட்டினோம். வெயிலுமுத்துவின் வீடு இருந்த இடம், தெரு, தொழுவம் இருந்த இடம் மூன்றும் சேர்ந்து ஒரே கணவாயாக, பன்னிரண்டு முழ ஆழத்துக்கு இறங்கியது. கடைசி நாள் காலையில் பனிமூட்டம் அதற்குள் கணுக்கால் அளவுக்கு வழிந்து மேற்கே ஆலங்கிணற்றுப் பக்கம் இறங்கியது. எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.

மறுநாள் காலையில் பனிமூட்டம் கணவாயின் வாயிலேயே நின்றுவிட்டது. நாங்கள் படுத்து எழுவதற்குள் ஊர் வழக்கம்போல ஒரு முழம் உயர்ந்திருந்தது, கணவாயின் தரையும் ஊரோடு சேர்ந்து உயர்ந்திருந்தது. அதைப் புரிந்துகொண்டபோது எங்களுக்கு வந்த அலுப்பை எப்படிச் சொல்வது. இது ஒரு மாத வேலை இல்லை. இன்றைக்கு ஒரு முழம் வெட்ட வேண்டும், நாளைக்கு ஒரு முழம், நாளை மறுநாள் ஒரு முழம், கல்யாணத்தன்றைக்கும் ஒரு முழம், சாவு விழுந்தாலும் ஒரு முழம், ஊர் உயர்வதை நிறுத்துகிற வரைக்கும், அது நிறுத்துமா என்பதே தெரியாத வரைக்கும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலுமுத்து மண்வெட்டியை எடுத்தார். பள்ளத்தில் இறங்கி அன்றைய முழத்தை வெட்ட ஆரம்பித்தார்.

ஒரு வாரம் எல்லோரும் போனோம். அடுத்த வாரம் பாதிப் பேர். யாரும் வர முடியாது என்று சொல்லவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது என்றோம், கீழே வேலை இருக்கிறது என்றோம், மாமியார் வீட்டுக்குப் போனோம். ஐப்பசி பாதியானபோது பள்ளத்தில் வெயிலுமுத்துவும் பேராச்சியும் கனகமணி அக்காவும்தான் இருந்தார்கள். கனகமணி அக்காவுக்குக் காய்ச்சல் வந்த பிறகு அவர்கள் இரண்டு பேர்தான். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வெட்டினால்தான் ஒரு முழம் முடிந்தது. வெயிலுமுத்து உள்ளங்கை கிழிந்து வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெருவுக்குப் போகிறவர்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருந்ததால், அவரைக் கடந்து போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டோம்.

ஐப்பசி இருபத்து மூன்றாம் தேதி மதியம் கடலிலிருந்து மேகம் வந்தது. கருத்துப் பெருத்துக் கிழக்குச் சரிவில் ஏறி, வழக்கம்போல எங்கள் மேல் கொட்டத் தொடங்கியது. கொட்டிக்கொண்டே, வாசல் தெரியாத விருந்தாளி மாதிரி தெருவோரமாக வடக்கேயும் தெற்கேயும் தடவிப் பார்த்தது. பிறகு கணவாய்க்கு வந்தது. பேராச்சி சுவரோரம் ஒதுங்கி நின்றார், வெயிலுமுத்து குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். மேகம் அவர் முதுகைத் தொட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தது, நுழைந்துகொண்டே இருந்தது, அதன் கடைசி வால் தெருவைத் தாண்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாங்கள் இரண்டு கரையிலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தோம். மேற்கே, கீழே, ஆலங்கிணற்றின் மேல் மழை இறங்கியது. தகரக் கூரைகளில் அது விழுகிற சத்தம் மேலே நின்ற எங்களுக்குக் கேட்டது.

எங்களில் சிலர் அழுதோம். வெயிலுமுத்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அன்றைய முழத்தில் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது, மேகம் நாளைக்கும் வரக்கூடும்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அழகுநாச்சி மேற்குப் பாதையில் ஏறி வந்தாள். முழங்கால் வரைக்கும் கரிசல் அப்பியிருந்தது, கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. பிறந்த வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளமும், பள்ளத்தில் மண்வெட்டியோடு அண்ணனும், வாடையில் ஈரம் காயாத சேலையோடு மதினியும் நிற்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பு எங்கே என்று மட்டும் பேராச்சியிடம் கேட்டாள். சாவடியில் இருக்கிறது என்று பேராச்சி சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்ததில் முகமெல்லாம் கரிசலாயிற்று. அண்ணன் தங்கை இரண்டு பேரும் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"எத்தன உழவு?" என்று வெயிலுமுத்து கேட்டார்.

"ரெண்டு உழவு எறங்கியிருக்கு. மச்சான் வெதைக்கப் போயிட்டாரு."

"சரி."

"இன்னைக்கு எவ்வளவு வெட்டணும்?"

"என்னைக்கும் ஒரு முழம்தான், தாயி."

அவள் இறங்கி வந்து அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்ததால் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"படு. நான் வெட்டுறேன்."

வேண்டாம் என்று சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. வெட்டிப்போட்டிருந்த மண்மேட்டில் தலையை வைத்துச் சாய்ந்தார், அவள் நாலாவது வெட்டுப் போடுவதற்குள் தூங்கிவிட்டார். நாலு வருஷத்துக்கு மேலாக எல்லோரும் களைத்துப்போயிருக்கிற ஊரில், ஒரு மனிதர் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. கரையில் நின்றிருந்த எங்களை அழகுநாச்சி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் வெட்டினாள். மேற்குப் பாதையில் ஆலங்கிணற்று ஆட்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு ஏறி வருவது தெரிந்தது. நாங்களும் வீட்டுக்குப் போய் எங்கள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பள்ளத்தில் இறங்கினோம். அவர் எழுந்துவிடக் கூடாது என்று சத்தம் வராமல் வெட்டினோம்.